அமெரிக்க மருத்துவர்கள்: பெயர் பெற்றவர்களும் உடல் தந்தவர்களும்

அமெரிக்காவின் முதல் மருத்துவப் பள்ளி 1765இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. எடின்பரோவில் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஜான் மார்கன் அதை நிறுவினார். ஆனாலும் அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் அந்நாட்டு மருத்துவர்கள் பலர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். மூத்த மருத்துவர் ஒருவரின் வீட்டில் சில ஆண்டுகள் தங்கி, மருந்து இடித்து, கட்டுப் போட்டு, அவரோடு நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வந்து தொழில் கற்றார்கள். சூலகக் கட்டியை வயிற்றைத் திறந்து எடுத்ததும், உயிருள்ள மனிதனின் வயிற்றில் உணவு கரைவதை நேரில் பார்த்ததும், ஈதர் கொடுத்து வலி தெரியாமல் அறுத்ததும் பெருநகரங்களுக்கு வெகுதொலைவில் இருந்த சிற்றூர்களில்தான் நடந்தன.

அவற்றைச் செய்த மருத்துவர்கள் பாடநூல்களில் இடம்பிடித்துவிட்டார்கள். அவர்களுடைய கத்திக்கு உடலைக் கொடுத்தவர்களையும், பக்கத்தில் நின்று வழிகாட்டியவர்களையும் அந்த நூல்கள் நெடுங்காலம் பேரளவில்கூடக் குறிப்பிடவில்லை. இந்த வரலாற்றை இருதரப்பாரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான பெஞ்சமின் ரஷ் (1746–1813) அக்காலத்தின் புகழ்மிக்க மருத்துவர். 1793இல் பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. ஏறத்தாழ 5000 பேர், அதாவது நகரத்தில் பத்தில் ஒருவர், மாண்டார்கள். வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ரஷ் ஓடவில்லை, தாமே காய்ச்சலில் விழுந்து எழுந்தும் நோயாளிகளைப் பார்த்தார். அந்தத் துணிவைப் போற்ற வேண்டும். அவர் செய்த வைத்தியமோ கொடியது: பாதரசம் கலந்த பேதிமருந்து, கூடவே இரத்தநாளத்தைக் கீறி இரத்தம் வடித்தல். கறுப்பின மக்களுக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று நம்பி, அவர்களைச் செவிலியராக வரச் சொன்னார். ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் என்ற இரு சமயத் தலைவர்கள் ஆட்களைத் திரட்டிக் கொடுத்தார்கள். பிணம் தூக்கவும் நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கவும் அவர்கள் வந்தார்கள்; நகரின் கறுப்பின மக்களிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

இரத்தம் வடிக்கும் முறையைப் பத்திரிகையில் தாக்கி எழுதிய வில்லியம் காபெட்மீது ரஷ் அவதூறு வழக்குத் தொடுத்து, 5000 டாலர் இழப்பீடு பெற்றார். தீர்ப்பு வந்த நாள் 1799 டிசம்பர் 14. அதே நாளில், தொண்டை அடைத்துக் கிடந்த ஜார்ஜ் வாஷிங்டன், மருத்துவர்கள் திரும்பத் திரும்ப இரத்தம் வடித்த பிறகு உயிர் துறந்தார்.

கென்டக்கியின் டான்வில் ஊரில் 1809 டிசம்பரில் நடந்ததை நம்புவதே கடினம். ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிறு பெருத்ததைக் கர்ப்பம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இப்ராயிம் மெக்டவல் சோதித்துவிட்டு, அது சூலகக் கட்டி என்றார். இதுவரை யாரும் இதை அறுத்து எடுத்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண் சம்மதித்து, 60 மைல் தூரம் குதிரையில் வந்து மருத்துவர் வீட்டை அடைந்தார். மயக்க மருந்து கிடையாது. அறுவை நடந்த ஏறத்தாழ 25 நிமிடமும் அவர் பைபிளின் சங்கீதங்களை ஓதிக்கொண்டிருந்தார். எடுத்த கட்டியின் எடை 22 பவுண்டுக்கும் மேல். ஐந்தாம் நாள் மருத்துவர் போய்ப் பார்த்தபோது, எழுந்து நின்று தம் படுக்கையைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். மெக்டவலோ 1830இலேயே காலமானார்.

ஹியூரான் ஏரியிலுள்ள மாக்கினா தீவில் வில்லியம் போமான்ட் ராணுவ மருத்துவர். அவரும் கல்லூரியில் படிக்காமல் கைப்பழக்கத்தில் தொழில் கற்றவர். 1822 ஜூன் 6 அன்று தீவிலிருந்த தோல் வணிகக் கம்பெனியின் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மூன்றடி தூரத்தில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுப் படகுக் கூலியாளின் சட்டை தீப்பற்றியது, விலா உடைந்தது, நுரையீரலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கியது, காலையில் தின்ற உணவு துளை வழியே வழிந்தது. இவன் பிழைக்கமாட்டான் என்றே போமான்ட் எண்ணினார். ஆனால் செயின்ட் மார்ட்டின் பிழைத்தார். காயத்தின் விளிம்பு இரைப்பையோடு ஒட்டிக்கொண்டு ஆறியதால் துளை மட்டும் மூடவே இல்லை.

அந்தத் துளை வழியே போமான்ட் எட்டிப் பார்க்கத் தொடங்கினார். 1825 ஆகஸ்ட் 1 நண்பகல், மசாலா சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, உப்பிட்ட பச்சை இறைச்சி, வேகவைத்த இறைச்சி, பழைய ரொட்டி, நறுக்கிய முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பட்டு நூலில் இடைவெளி விட்டுக் கட்டி, துளை வழியே உள்ளே இறக்கினார். செயின்ட் மார்ட்டின் வழக்கம்போல வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு நூலை இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோசும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணிக்கு முட்டைக்கோஸ், ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வெந்த இறைச்சி நான்கும் நூலில் இல்லை. இரைப்பைநீரை எடுத்துக் குப்பியில் ஊற்றிச் சூடாக வைத்தால் வெளியிலும் அது இறைச்சியைக் கரைக்கும் என்பதையும் பின்னர் காட்டினார். செரிமானம் ஒரு வேதிவினை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அதுவரை இருந்ததில்லை. கோபம் வந்தால் இரைப்பையின் நிறமும் வேலையும் மாறுவதைக்கூட அவர் குறித்து வைத்தார். 1833இல் வெளியான அவருடைய நூல், இருநூறுக்கு மேற்பட்ட சோதனைகளின் தொகுப்பு.

செயின்ட் மார்ட்டினுக்கு இதில் விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. முதல் சோதனைகள் நடந்த அதே ஆண்டில் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார். அங்கே கல்யாணம் செய்துகொண்டார். ஆள் வைத்துத் தேடி, குடும்பத்தோடு வரவழைத்தார் போமான்ட். 1832இல் ஆண்டுக்கு 150 டாலர் சம்பளம் என்று எழுதி ஒப்பந்தம் போட்டார். 1834இல் பிரிந்த செயின்ட் மார்ட்டின், பிறகு எத்தனை கடிதம் எழுதியும் திரும்பவில்லை. போமான்ட் 1853இல் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து இறந்தார். செயின்ட் மார்ட்டின் 1880 வரை இருந்தார். அவர் உடலைக் கேட்டு மருத்துவர்கள் வருவார்கள் என்று அஞ்சிய குடும்பத்தார், பிணம் அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, பிறகு எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள். அந்தக் குடும்பத்தின் அச்சத்தில் முழு நியாயம் இருக்கிறது.

வலியை அடக்கும் வழி ஜார்ஜியாவின் ஜெபர்சன் என்ற சிற்றூரில் பிறந்தது. 1842 மார்ச் 30 அன்று கிராஃபோர்டு லாங், ஈதரை முகரவைத்து ஒருவரின் கழுத்துக் கட்டியை அகற்றினார். ஆனால் 1849 வரை அதை வெளியிடவில்லை. அதற்குள் 1846இல் பாஸ்டனில் பல்மருத்துவர் மார்ட்டன் எல்லோர் முன்னிலையிலும் செய்துகாட்டிப் பெயர் வாங்கிக்கொண்டார். இன்று அமெரிக்காவில் மருத்துவர் தினம் மார்ச் 30.

ஈதர் வந்த அதே ஆண்டுகளில், 1845 முதல் 1849 வரை, அலபாமாவின் மான்ட்கோமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் தம் வீட்டுப் பின்புறத்தில் அடிமைப் பெண்களை வைத்து அறுவைச் சிகிச்சைகள் செய்தார். நெடுநேரப் பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே விழும் துளையை மூடுவதே அவருடைய நோக்கம். வெள்ளிக் கம்பியால் தைத்து இறுதியில் வெற்றி கண்டார். அந்த முறை உலகெங்கும் எண்ணற்ற தாய்மாரின் துயரைத் தீர்த்தது. அனார்க்கா என்ற இளம்பெண் மட்டும் 30 அறுவைகளைத் தாங்கினாள், அத்தனையும் மயக்க மருந்து இல்லாமல். அவளுக்கும், அவளைப்போலவே அறுவைக்கு உள்ளான லூசி, பெட்சி என்ற அடிமைப் பெண்களுக்கும் மறுக்கும் உரிமை இல்லை; சம்மதம் சொல்ல அவர்களுடைய எஜமானர்கள் இருந்தார்கள். சிம்ஸ் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் தலைவரானார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் சிலையாகவும் நின்றார். அந்தச் சிலையை 2018 ஏப்ரலில் நகராட்சி அகற்றியது. மான்ட்கோமரியில் 2021இல் அனார்க்காவுக்கும் லூசிக்கும் பெட்சிக்கும் சிலை எழுந்தது.

மருத்துவராகவே விடாமல் தடுக்கப்பட்டவர்களின் கதை தனி. ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் என்ற கறுப்பினத்தவரைத் தாய்நாட்டுக் கல்லூரிகள் சேர்க்க மறுத்ததால், கிளாஸ்கோ சென்று 1837இல் பட்டம் பெற்று நியூயார்க் திரும்பினார். பெண் என்பதால் பல கல்லூரிகள் கதவடைத்த எலிசபெத் பிளாக்வெல்லுக்கு ஜெனீவா என்ற சிறிய கல்லூரி இடம் கொடுத்தது. கேலிக்கான விண்ணப்பம் என்று நினைத்து மாணவர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். 1849இல் அவர் வகுப்பில் முதலிடம் பெற்று வெளியே வந்தார். பாரிசில் கண்நோய் கண்ட குழந்தைக்குச் சிகிச்சை செய்தபோது நீர் தெறித்து ஒரு கண் போயிற்று. அறுவை மருத்துவராகும் ஆசையும் அத்தோடு போயிற்று. 1857இல் நியூயார்க்கில் ஏழைப் பெண்களுக்காக மருத்துவமனை திறந்தார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான ரெபெக்கா லீ கிரம்ப்ளர் (1864), உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ரிச்மண்டில் மருத்துவம் பார்த்தார்.

இந்த வரலாற்றின் ஒரு கிளை யாழ்ப்பாணத்துக்கு நீள்கிறது. நியூயார்க்கில் தொழில் நடத்திக்கொண்டிருந்த ஜான் ஸ்கடர் 1819இல் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனையும் வகுப்பும் நடத்தி, அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். ஆங்கிலத்தில் தொடங்கிய வகுப்பை 1860களில் தமிழுக்கு மாற்றினார். பாடம் நடத்த நூல் வேண்டுமே. 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என வரிசையாக அச்சேறின. டான்வர்த், சப்மன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் பார்த்துத் திருத்தினார். நூல்களில் மாணவர் பெயரும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓர் அமெரிக்கர் அப்படிச் செய்தது பாராட்டுக்குரியது. 1873இல் மாசசூசெட்ஸ் திரும்பிய பிறகும், 1884இல் இறக்கும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை.

ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா, ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தம் மனைவியைப் பார்க்க அவரை அழைத்தார்கள். நான் மருத்துவர் அல்லேன், என் தந்தைதான் மருத்துவர் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஐடா 1899இல் கார்னெல் கல்லூரியில் பட்டம் வாங்கி, மறு ஆண்டு வேலூர் வந்தார். 1918இல் அவர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய வேலூர் சி.எம்.சி.

ரஷ்ஷைத் தோற்கடித்த மஞ்சள் காய்ச்சலுக்கு 1900இல் கியூபாவில் விடை கிடைத்தது. கொசுதான் காரணம் என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை வால்டர் ரீடின் ராணுவக் குழு நிரூபித்தது. குழுவிலிருந்த ஜெஸ்ஸி லாசியர் கொசு கடித்து மாண்டார். அதன்பின் சோதனைக்கு வந்தவர்களிடம் ஆபத்தை விளக்கி எழுத்தில் ஒப்புதல் வாங்கினார்கள். 100 டாலர் தங்கமாகவும், நோய் கண்டால் மேலும் 100 டாலரும் கொடுத்தார்கள். அவர்களிலிருந்த ஏழைக் குடியேறிகளுக்கு அந்தப் பணத்தை மறுப்பது எளிதல்ல. என்றாலும் கேட்டுச் செய்தார்கள் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய மாற்றம்.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1944 நவம்பர் 29 அன்று, ஐலீன் சாக்சன் என்ற பதினைந்து மாதக் குழந்தையை மேசையில் கிடத்தினார்கள். இதயக் கோளாறால் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போகாமல் உடல் நீலம் பாரித்திருந்தது. இதற்கு வழி யோசித்தவர் குழந்தை மருத்துவர் ஹெலன் டாஸிக். காது கேளாத அவர், இதயத் துடிப்பை விரல்நுனியால் தொட்டே அறிந்தவர். கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தவர் ஆல்ஃபிரெட் பிளாலாக். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, எங்கே தையல் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். தச்சு வேலை செய்தவர். கல்லூரிக்காகச் சேர்த்த பணம் வங்கி மூழ்கியதில் போய்விட்டது. இந்த அறுவையை நாய்களில் இருநூறு முறை செய்து பழகியிருந்தவர் அவர்தான். பிளாலாக் செய்து பார்த்ததோ ஒரே முறை, அதுவும் உதவியாளராக. முன்பு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலாக்கின் ஆய்வகத்தில் வேலை செய்தபோது, கறுப்பினத்தவர் என்பதால் பதிவேட்டில் அவர் துப்புரவுத் தொழிலாளி. 1945இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் தாமசின் பெயர் இல்லை. 1976இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது.

வெர்ஜீனியா அப்கார் அறுவை மருத்துவராக வேண்டியவர். பெண்ணுக்கு அதில் பிழைப்பு நடக்காது என்று ஆசிரியர் சொன்னதால் மயக்கவியலுக்குப் போனார். பிறந்த குழந்தைக்காக 1953இல் அவர் வெளியிட்ட மதிப்பெண் முறை இன்று நம்மூர்ப் பிரசவ அறைகளிலும் உண்டு: இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்கு அசைவு, நிறம் என ஐந்துக்கும் தலா இரண்டு. அதுவரை, மூச்சுத் திணறும் சிசுவைப் பிழைக்காது என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இருந்தது. மதிப்பெண் போட வேண்டுமென்றால் குழந்தையைத் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

இதே காலத்தில்தான் டஸ்கீகி என்று பெயர் பெற்ற ஆய்வும் நடந்தது. 1932 முதல் அலபாமாவில் ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களைப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர்கள் கண்காணித்தார்கள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்னும் மேகநோய். ‘கெட்ட இரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. கண்டறிந்தவற்றை மருத்துவ இதழ்களில் வெளிப்படையாகவே அச்சிட்டார்கள். 1965இல் டெட்ராய்டைச் சேர்ந்த இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் மருத்துவர், அப்படி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, குணப்படுத்தக்கூடிய நோயாளிகளைச் சாகவிடுவது எப்படி நியாயம் என்று எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை; பதில் எழுதப்போவதில்லை என்ற குறிப்போடு கடிதம் கோப்பில் கிடந்தது. 1972இல் செய்தி நாளிதழ்களில் வெளியான பிறகே ஆய்வு நின்றது. 1974இல் மனிதர்மீதான ஆய்வுகளுக்குச் சட்டம் வந்தது. 1997 மே 16 அன்று வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டபோது, உயிரோடு இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் அதைக் கேட்க வந்திருந்தார்கள்.