தபால்தலை இல்லாத கடிதங்கள்: வாடிக்கையாளர் மின்னஞ்சல் பட்டியலின் கதை

ஒரு சிறு வணிகத்தின் சொத்து என்ன என்று கேட்டால் கடை, சரக்கு, கையிருப்புப் பணம், வர வேண்டிய கடன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் பெரும்பாலும் இருப்புநிலைக் குறிப்பில் இடம் பெறாத ஒரு சொத்தும் உண்டு. அதுதான் வாடிக்கையாளர்களின் முகவரிப் பட்டியல். இன்று அது பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரிகளின் பட்டியல். அது எப்படி உருவானது, இடையில் எப்படிக் கெட்டுப்போனது, அதைச் சரிசெய்ய யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது சுவையான கதை!

கதை மின்னஞ்சலுக்கு வெகு காலம் முன்பே தொடங்குகிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஃப்ரீபோர்ட் என்ற சிற்றூரில் லியான் லியான்வுட் பீன் என்பவர் 1912ல் ஒரு புதுவகைக் காலணியை விற்கத் தொடங்கினார். அடிப்பாகம் ரப்பர், மேல்பாகம் தோல். ஈரக் காட்டில் நடக்கும் வேட்டைக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் யாரிடம் விற்பது? வெளிமாநிலங்களிலிருந்து வந்து மேய்னில் வேட்டை உரிமம் வாங்கியவர்களின் பட்டியலை அவர் பெற்றார். அவர்களுக்கெல்லாம் தபாலில் ஒரு துண்டறிக்கை அனுப்பினார். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்றும் உறுதி கொடுத்தார்.

முதல் 100 ஜோடிகள் விற்றன. அவற்றில் 90 ஜோடிகள் திரும்பி வந்தன! ரப்பரிலிருந்து தோல் பிய்ந்துவிட்டது. பீன் சொன்னபடி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கடன் வாங்கி, காலணியைத் திருத்தி மறுபடியும் விற்றார். எல்.எல்.பீன் என்ற நிறுவனம் நூறாண்டு கடந்து நிற்பதற்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம், அந்த 90 பேருக்குத் திரும்பிப் போன பணமும் ஒரு காரணம். வணிகவியல் புத்தகங்களில் நற்பெயர் என்று பக்கம் பக்கமாக வருவது இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் தபால்தலை ஒட்ட வேண்டும், அச்சுக்கூலி தர வேண்டும். செத்துப்போனவருக்கும், வீடு மாறிப்போனவருக்கும், வேட்டையே ஆடாதவருக்கும் கடிதம் அனுப்பினால் நஷ்டம் அனுப்பியவருக்குத்தான். ஆகவே பட்டியலை அவ்வப்போது சுத்தம் செய்யாமல் வேறு வழியில்லை. வணிகருக்கு நல்லொழுக்கம் இருந்ததோ இல்லையோ, தபால்தலை அவரை ஒழுங்காக வைத்திருந்தது.

மின்னஞ்சல் வந்ததும் அந்தத் தபால்தலை காணாமல் போனது. அதன் பின்விளைவு தெரிய அதிக காலம் ஆகவில்லை. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்யூப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துயர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஒரு விளம்பர மடல் அனுப்பினார். கலிபோர்னியாவில் தங்கள் புதிய கணினியைக் காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்பதுதான் செய்தி. அன்று ஆர்ப்பாநெட் பயனர்களின் விவரங்கள் அச்சிட்ட புத்தகமாகவே கிடைத்தன. அதைப் பார்த்து உதவியாளர் ஒருவர் சுமார் 400 முகவரிகளைக் கையால் தட்டச்சு செய்தார். அத்தனை முகவரிகள் வரும் என்று அந்த மடல் நிரல் எதிர்பார்க்கவே இல்லை. மீதி முகவரிகள் மடலின் உள்ளேயே வழிந்து விழுந்தன!

பெற்றவர்கள் பலர் கொதித்தார்கள். ஆர்ப்பாநெட்டை நிர்வகித்த ராணுவத் துறையிலிருந்து கண்டனம் வந்தது. ஆனாலும் அந்த மடலால் பல மில்லியன் டாலருக்கு விற்பனை நடந்ததாகத் துயர்க் பிற்காலத்தில் சொல்லிவந்தார். சிக்கலே இங்கேதான் இருக்கிறது. எரிச்சல் 400 பேருக்கு, லாபம் ஒருவருக்கு. செலவோ அநேகமாக இல்லை. அன்று "ஸ்பாம்" என்ற பெயர் அதற்கு இல்லை. எரிதம் என்று தமிழில் சொல்லப்படும் அந்தக் குப்பை மடல்களின் மூதாதை அதுதான்.

இதற்கு நேர் எதிரான வழியைப் பல்கலைக்கழக உலகம் கண்டுபிடித்தது. அக்காலத்து மடல் குழுக்களில் யாராவது சேரவோ விலகவோ விரும்பினால், ஒரு மனிதர் உட்கார்ந்து பெயரைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும். 1986ல் பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தாமஸ், லிஸ்ட்செர்வ் என்ற நிரலை எழுதி இந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தார். சேர விரும்புபவர் ஒரு கட்டளை அனுப்பினால் சேரலாம், இன்னொன்று அனுப்பினால் விலகலாம். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் பட்டியலின் சாவி முதன்முறையாகப் பட்டியலில் இருப்பவர் கைக்கு வந்தது.

இந்த முறையில் வளர்ந்த வணிகத்துக்கு நல்ல உதாரணம் கிரெய்க்ஸ்லிஸ்ட். 1995ல் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த கிரெய்க் நியூமார்க், ஊரில் நடக்கும் கலை நிகழ்ச்சிகள் பற்றிச் சில நண்பர்களுக்கு மடல் அனுப்ப ஆரம்பித்தார். என்னையும் சேர், இவரையும் சேர் என்று ஆட்கள் கேட்கக் கேட்க, நகல் பெறுவோர் வரிசை சுமார் 240 முகவரிகளை எட்டியபோது அவருடைய மடல் நிரல் தடுமாறியது. எனவே பட்டியலை நிர்வகிக்கும் மென்பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு பெயர் வேண்டுமே! நியூமார்க் நிகழ்ச்சிகள் என்று பொருள்படும்படி ஏதோ வைக்க நினைத்தார். நண்பர்களோ, "நாங்கள் ஏற்கெனவே கிரெய்க்கின் பட்டியல் என்றுதான் சொல்கிறோம்" என்றார்கள். அதுவே நிலைத்தது. வேலை, வீட்டு வாடகை, பழைய சாமான் எல்லாம் அதில் சேர்ந்தது பிறகுதான்.

ஆனால் அதே தொண்ணூறுகளில் எரிதம் வெள்ளமாகப் பாய்ந்தது. 1997ல் பால் விக்ஸி போன்றோரின் மேப்ஸ் அமைப்பு ஒரு கறுப்புப் பட்டியலை நடத்தத் தொடங்கியது. அதில் ஏறிவிட்ட கணினியிலிருந்து வரும் மடல்களை உலகெங்கும் பல சேவையகங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இதிலிருந்து தப்ப மேப்ஸ் வற்புறுத்திய வழிதான் இரட்டை உறுதி. ஒருவர் முகவரியைக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த முகவரிக்கு ஒரு மடல் போக வேண்டும், அதற்கு அவரே "ஆம்" சொல்ல வேண்டும். அடுத்தவர் முகவரியை விளையாட்டுக்குக் கொடுப்பவர்களும், எழுத்துப் பிழையோடு கொடுப்பவர்களும் இதில் கழிந்துவிடுவார்கள்.

வணிகர்களுக்கு இது கசந்தது. பதிவு செய்பவர்களில் பலர் இரண்டாவது மடலைத் திறப்பதே இல்லையே! 2000ல் யெஸ்மெயில் என்ற நிறுவனம் மேப்ஸ் மீது வழக்கே போட்டது. பின்னர் சமரசமாகிவிட்டது.

அட்லாண்டாவில் பென் செஸ்ட்நட்டும் டான் குர்சியஸும் இணையதள வடிவமைப்புத் தொழில் செய்துவந்தார்கள். செய்திமடல் அனுப்ப வேண்டும் என்று அவர்களுடைய சின்ன வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தோற்றுப்போன ஒரு மின்வாழ்த்து அட்டைத் திட்டத்தின் நிரலை எடுத்து 2001ல் மெயில்சிம்பை உருவாக்கினார்கள். மடல் திரும்பி வந்தால் கவனித்து நீக்குவது, விலகும் இணைப்பை ஒவ்வொரு மடலின் அடியிலும் வைப்பது எல்லாம் நிரலின் வேலை. முகவரியே இல்லை என்று திரும்பினால் உடனே நீக்கம், பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பினால் இன்னும் சில தடவை முயற்சி. ரொட்டிக்கடைக்காரருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

2009ல் சிறு பட்டியல்களுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். 85,000 ஆக இருந்த பயனர் எண்ணிக்கை ஓர் ஆண்டில் 4,50,000 ஆனது. கூடவே எரிதம் அனுப்புவோரும் நுழைந்தார்கள். தபால்தலை இல்லாத இடத்தில் வேறென்ன நடக்கும்? பெரிய பட்டியலுக்கு எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் என்பதால் அங்கே மட்டும் தபால்தலை வேறு உருவில் திரும்பியிருந்தது. 2019ல் விலகிப்போனவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்தபோது சிறு வணிகர்கள் முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. போனவருக்கும் வாடகையா? வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்த அந்த நிறுவனத்தை 2021ல் இன்ட்யூட் சுமார் 12 பில்லியன் டாலருக்கு வாங்கியது.

சட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம் முன்அனுமதி கேட்கவில்லை. விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும், மடலில் உண்மையான தபால் முகவரி இருக்க வேண்டும் என்றது. வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் வீட்டு முகவரியை ஊருக்கே சொல்ல வேண்டிய தர்மசங்கடம்! அஞ்சல் பெட்டி எண் போதும் என்ற விளக்கம் 2008ல்தான் வந்தது. ஐரோப்பா முன்அனுமதியை வலியுறுத்தியது. பிரிட்டனின் ஃப்ளைபி விமான நிறுவனம், விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்த 33 லட்சம் பேருக்கு 2016ல் மடல் அனுப்பியது. உங்கள் விவரங்கள் சரியா என்று கேட்பதற்காம்! 2017ல் 70,000 பவுண்டு அபராதம் விழுந்தது.

அதே 2017 ஜூனில் வெதர்ஸ்பூன் என்ற பிரிட்டிஷ் மதுக்கூட நிறுவனம் வேறு முடிவுக்கு வந்தது. 2015ல் அதன் வாடிக்கையாளர் தகவல் களவு போய் 6,50,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இனிச் செய்திமடலே கிடையாது, முகவரிகள் அனைத்தையும் அழித்துவிடுகிறோம் என்று வாடிக்கையாளர்களுக்குக் கடைசி மடல் அனுப்பியது. அடுத்த ஆண்டு மே 25ல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்தபோது மற்ற நிறுவனங்கள் "எங்களோடு இருக்க விருப்பமா?" என்று கெஞ்சி மடல் அனுப்பிக்கொண்டிருந்தன. பதில் வராத பெயர்களைப் பலர் நீக்கினார்கள்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், மொத்தமாக மடல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று விதித்தன. எரிதம் என்று பெறுபவர்கள் புகார் செய்யும் விகிதமும் 0.3 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். அதாவது 1000 மடல் போனால், 3 பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே எல்லை வந்துவிட்டது.