புகைபோக்கியிலிருந்து வேலிவரை: வேதியியல் ஆலைகளின் நச்சுக்காற்றை அளந்த வரலாறு

வேதியியல் ஆலைகள் வெளிவிடும் நச்சுக்காற்று எப்படிக் குறைந்தது என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும்: தொழில்நுட்பம் வளர்ந்தது, சட்டம் கடுமையானது. இரண்டும் உண்மையே, ஆனால் போதாதவை. கருவி கைவசம் இருந்தும் பல ஆண்டுகள் அதைப் பரவலாகப் பொருத்தாமல் இருந்திருக்கிறார்கள். கடுமையான சட்டம் ஏட்டில் இருந்தும் காற்று மாறாத காலமும் உண்டு. இந்த வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், அளக்கும் இடம் மாறிய தருணங்களில்தான் நச்சு குறைந்திருப்பது தெரியும். மானி நிற்கும் இடத்தில்தான் ஆலை சுத்தமாகிறது. அது நிற்காத இடத்தில் கசிவு தொடர்கிறது என்பதே என் வாதம்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் லெப்லாங்க் முறைப்படி சோடா தயாரித்தார்கள். உப்போடு கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்குவது அதன் முதல் படி. அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு அப்படியே வெளியே விடப்பட்டது. சுற்றிலும் மரங்கள் பட்டுப்போயின, பயிர் கருகியது. விவசாயிகள் வழக்குப் போட்டபோது ஆலைக்காரர்கள் புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார்கள்; தீங்கு இன்னும் தொலைவில் போய் இறங்கியது. 1836-இல் வில்லியம் காஸேஜ் ஒரு கோபுரத்தை வடிவமைத்தார். உள்ளே சுள்ளியோ கல்கரியோ நிரப்பப்பட்டிருக்கும். மேலிருந்து தண்ணீர் கசிந்து இறங்க, கீழிருந்து ஏறும் வாயு அந்த ஈரப்பரப்பில் கரைந்து அமிலமாக வடியும். இவ்வளவு எளிய வழி இருந்தும் கால் நூற்றாண்டுக்கு மேல் அதைக் கட்டுவதும் ஒழுங்காக நடத்துவதும் முதலாளியின் விருப்பமாகவே இருந்தது. வாயுவில் 95 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும் என்று 1863-இன் ஆல்கலி சட்டம் விதித்து, ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் ஆய்வாளராக வந்து அளக்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. விரைவிலேயே தப்பிப்போகும் வாயு சராசரியாக 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பிடித்த அமிலம் சலவைத்தூளுக்கு மூலப்பொருளாகவும் ஆயிற்று. ஆனால் விழுக்காட்டுக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது: ஆலைகள் பெருகப் பெருக, அனுமதிக்கப்பட்ட 5 விழுக்காடும் பெருகும். ஆகவே 1874-இல் வந்த திருத்தம், வெளியேறும் காற்றின் ஒரு கன அடியில் 0.2 கிரெயினுக்கு மேல் அமிலம் இருக்கலாகாது என்றது. ஆலைக்குள் எவ்வளவு பிடித்தோம் என்ற கணக்கு போய், வெளியே எவ்வளவு விடுகிறோம் என்ற கணக்கு வந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்கா வேறு வழியில் தொடங்கித் தடுமாறியது. 1970-இன் தூய காற்றுச் சட்டம், ஆபத்தான மாசுப்பொருள்களை ஒவ்வொன்றாக இனங்கண்டு, மக்கள் உடல்நலத்துக்குப் போதிய பாதுகாப்பு இடைவெளியோடு வரம்பு விதிக்கச் சொன்னது. நோக்கம் உயர்ந்தது. நடைமுறையிலோ தீங்கை முதலில் நிறுவ வேண்டிய சுமை அரசின் தலையில் விழுந்தது. 20 ஆண்டுகளில் வரம்பு விதிக்கப்பட்டவை ஏழே ஏழு: கல்நார், பெரிலியம், பாதரசம், வினைல் குளோரைடு, பென்சீன், ஆர்சனிக், கதிரியக்கத் தனிமங்கள். இவற்றுள் வினைல் குளோரைடின் கதை தனித்துப் பார்க்கத் தக்கது. லூயிவில் நகரில் பிவிசி தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் அரிதான கல்லீரல் புற்றுநோயால் இறந்தது 1974 ஜனவரியில் வெளியே தெரிந்தது. அதே ஆண்டு, பணியிடக் காற்றில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) ஆக இருந்த வரம்பு 1 பிபிஎம் ஆகக் குறைக்கப்பட்டது. தொழிலே அழியும் என்றார்கள், அழியவில்லை. பிசினில் எஞ்சிய வாயுவை உறிஞ்சி மீட்கும் முறைகள் வந்தன, உற்பத்தி தொடர்ந்தது. இங்கே மானி தொழிலாளியின் மூக்கருகே வந்து நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

அதை மாற்றியது போபால். 1984 டிசம்பர் 2-3 இரவில் அந்நகரின் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அடுத்த ஆகஸ்டில், அதே யூனியன் கார்பைடு நிறுவனம் மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் நடத்திய ஆலையிலும் நச்சு கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மக்களின் அறியும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. எந்த ஆலை எந்த நச்சை எத்தனை பவுண்டு விடுகிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டியதாயிற்று. 1987-க்கான முதல் கணக்கில் காற்றில் மட்டும் 270 கோடி பவுண்டு, அதாவது 120 கோடி கிலோவுக்கு மேல் வந்தபோது நாடே திடுக்கிட்டது. மான்சான்டோ நிறுவனம் தன் நச்சுக்காற்றை 1992-க்குள் 90 விழுக்காடு குறைப்பதாக 1988-இலேயே அறிவித்தது. வரம்பு எதுவும் புதிதாக விதிக்கப்படாத நிலையில், எண் பொதுவெளிக்கு வரும் என்பதே இந்த அளவுக்கு வேலை செய்தது.

தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தம் இந்தப் பாடத்தைச் சட்டமாக்கியது. 189 மாசுப்பொருள்கள் ஒரே பட்டியலில் சேர்ந்தன. ஒவ்வொன்றின் தீங்கையும் நிறுவக் காத்திராமல், அந்தந்தத் துறையில் மிகச் சிறப்பாகக் கட்டுப்படுத்தும் 12 விழுக்காடு ஆலைகளின் சராசரியையே மற்ற பழைய ஆலைகளும் எட்ட வேண்டும் என்றாயிற்று. 1994-இல் கரிம வேதிப்பொருள் ஆலைகளுக்கு வந்த விதி, மானியைப் புகைபோக்கியிலிருந்து வால்வுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. ஒரு பெரிய ஆலையில் வால்வு, பம்பு, குழாய் இணைப்பு என்று பல்லாயிரம் மூட்டுகள் இருக்கும். ஊழியர் கையில் கருவியோடு ஒவ்வொரு மூட்டாகப் போய், உறிஞ்சு முனையை வால்வுத் தண்டு உள்ளே நுழையும் விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்துகிறார். முள் வரம்பைத் தாண்டினால் அந்த வால்வில் அட்டை தொங்கும், குறித்த நாளுக்குள் பழுது பார்த்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவுகள் எந்தப் புகைபோக்கி வழியாகவும் போவதில்லை. அதனால்தான் அதுவரை கணக்குகளில் ஒழுங்காக ஏறவில்லை.

இந்தக் குறைவெல்லாம் ஏட்டுச்சுரைக்காய், ஆலைகள் தம் கணக்கைத் தாமே எழுதிக்கொண்டன என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. 2000-இல் ஆலைகள் சூழ்ந்த ஹூஸ்டன் கப்பல் கால்வாயின் மேல் விமானத்தில் பறந்து அளந்த அறிவியலாளர்கள், எத்திலீன் போன்ற வாயுக்கள் பதிவேட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு காற்றில் இருப்பதைக் கண்டார்கள். ஆனால் இது என் வாதத்தை முறிக்கவில்லை, வலுவாக்குகிறது. அளக்காமல் சூத்திரத்தால் மதிப்பிட்ட இடத்தில்தான் கணக்கு பொய்த்தது. இன்னொரு மறுப்பு, ஆலையின் வேலி எல்லையில் அளந்தால் பக்கத்து ஆலையின் நச்சும் சாலைப் புகையும் சேர்ந்து வருமே என்பது. 2015-இல் அமெரிக்க எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வந்த விதி இதற்கு விடை கண்டது. வேலியைச் சுற்றிச் சிறு உறிஞ்சு குழல்களை 14 நாள் வைத்து, மிகக் கூடிய பென்சீன் அளவிலிருந்து மிகக் குறைந்ததைக் கழிக்கிறார்கள். காற்று வெளியிலிருந்து கொண்டுவந்தது பெரும்பாலும் கழிந்துபோகும், மிஞ்சுவது ஆலையுடையது. அதன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் காரணத்தைத் தேடித் திருத்த வேண்டும். 2024-இல் எத்திலீன் ஆக்சைடு, குளோரோபிரீன் உள்ளிட்ட ஆறு பொருள்களுக்கு வேதியியல் ஆலைகளிலும் வேலியோர அளவீடு விதிக்கப்பட்டது. ஆனால் 2025-இல் அமெரிக்க அதிபரின் ஆணை பல ஆலைகளுக்கு இவ்விதியிலிருந்து ஈராண்டு விலக்கு அளித்தது. ஆலைகளை ஒட்டி வாழும் லூசியானாவின் ஆற்றோரக் குடும்பங்களுக்கு இந்த ஈராண்டு சிறியதல்ல.

போபாலின் சாவுகள் அமெரிக்க மக்களுக்கு ஓர் உரிமையைப் பெற்றுத் தந்தன. இந்தியருக்கு அது கிட்டவில்லை என்பதை ஆற்றாமையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த ஆலை எந்த நச்சை எவ்வளவு விடுகிறது என்ற பொதுப் பதிவேடு இங்கே இல்லை. 2004-இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதி மக்கள், கலிபோர்னியாவில் பிறந்த வாளி முறையைக் கற்று, பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய பையில் தங்கள் தெருக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்கள் அதில் இருந்தன. 2009-இல் தேசியக் காற்றுத் தர வரையறையில் பென்சீன் சேர்ந்தது, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழிற்சாலைகளைத் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்தச் சொன்னபோது, காற்றுக்கான கருவி நின்றது புகைபோக்கியில். வால்வின் விளிம்பிலும் தொட்டியின் மூடியிலும் கசிந்து வேலியைத் தாண்டுவதை அந்தக் கருவி காணாது. அதைக் காண வேண்டுமென்றால் கடலூர் மக்கள் வாளியை வைத்த இடத்தில், ஆலையின் செலவில், நிரந்தரமாக ஒரு மானி வேண்டும்.