டிராபிக் ராமசாமியும் 4,590 ஓட்டும்

சென்னைக்காரங்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். கே.ஆர்.ராமசாமி பின்னி மில்லில் வேலை பார்த்தவர். பாரிமுனை நெரிசலைப் பார்த்துட்டு, யாரும் கேட்காமலேயே நடுரோட்டில் நின்னு வண்டிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பிச்சார். பேருக்கு முன்னாடி 'டிராபிக்' வந்து ஒட்டிக்கிச்சு. 2021 மே 4ஆம் தேதி 87 வயசில் இறக்கிற வரைக்கும் அது போகலை.

ரோட்டில் நின்னு கத்தினா பத்து வண்டி நிக்கும், கோர்ட்டுக்குப் போனா ஊரே நிக்கும்னு எப்பவோ அவருக்குப் புரிஞ்சிருக்கணும். பொதுநல வழக்கா போட்டுத் தள்ளினார். மூணு சக்கர சைக்கிளில் பழைய ஸ்கூட்டர் இஞ்சினை மாட்டி ஓட்டுவாங்களே, மீன்பாடி வண்டி, அதுக்குத் தடை வாங்கினார். இதில் எனக்கு அவரோட முழு உடன்பாடு கிடையாது. ஆபத்தான வண்டிதான், ஆனா அதை ஓட்டினவன் அமைச்சர் இல்லையே, மூட்டை இழுத்து வயித்தைக் கழுவறவன். தடைக்கு அப்புறமும் அது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு என்பது வேற கதை :)

தி.நகர் கதைதான் பெருசு. விதிமீறிக் கட்டின கடைகளை எதிர்த்து நடந்த வழக்குகளில் இவரும் ஒரு மனுதாரர். 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருப் பக்கம் பெரிய பெரிய கடைகளுக்கெல்லாம் சீல் வெச்சாங்க. ஊரே வாயைப் பொளந்துச்சு. 2012 பொங்கலுக்கு முன்னாடியே, தற்காலிகமாத் திறந்துக்கலாம்னு உச்சநீதிமன்றம் அனுமதி கொடுத்துடுச்சு. கட்டடம் ஒரு இஞ்ச் நகரலை. மனுஷன் சலிச்சுக்கலை, அடுத்த மனுவை எழுதப் போயிட்டார். அடி உதை எல்லாம் பல தடவை வாங்கியிருக்கார், அதுக்கும் சலிச்சுக்கலை.

இப்ப தேர்தலுக்கு வர்றேன். 2014 செப்டம்பரில் சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை ஆனதும் ஸ்ரீரங்கம் காலியாச்சு. 2015 பிப்ரவரி இடைத்தேர்தலில் போய் நின்னார், தோத்தார். மார்ச்சில், ஒருத்தரை மிரட்டினதா வந்த புகாரில் விடிகாலையில் கைது, அப்புறம் ஜாமீன். மே மாசம் ஜெயலலிதா கர்நாடக உயர்நீதிமன்றத்தில் விடுதலையாகி, ஜூன் 27 அன்னைக்கு ஆர்.கே.நகரில் நின்னாங்க. தாத்தா அங்கயும் ஆஜர்! ரெண்டு தேர்தலும் ஒரே வழக்கால வந்தது, கவனிச்சீங்களா?

பெரிய கட்சிகள் ஒதுங்கிக்கிட்ட தேர்தல் அது. தலைவர்கள் வீடு வீடாப் போய் ஆதரவு கேட்டார். முடிவு: ஜெயலலிதா 1,60,432, இந்திய கம்யூனிஸ்ட் மகேந்திரன் 9,710, டிராபிக் ராமசாமி 4,590. பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினாத்தான் டெபாசிட் திரும்பும். அந்தம்மாவைத் தவிர யாரும் அது பக்கத்தில்கூடப் போகலை.

பேப்பரில் இவர் பேரைப் பார்த்தா "சபாஷ் தாத்தா"ன்னு சொன்ன ஜனம்தான் நாம. ஓட்டுப் பெட்டிக்கிட்ட போனதும் கை வேற பக்கம் போயிடுது. நம்ம வீட்டு வாசலில் கட்டின படிக்கட்டையும் இவர் இடிக்கச் சொல்லுவாரோன்னு ஒரு பயம் எல்லாருக்குமே உள்ளுக்குள்ள இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் பேனர் மட்டும் கடைசி வரைக்கும் இவருக்கு ஜென்ம எதிரி. காதுகுத்தில் இருந்து கட்சி மாநாடு வரை நாம வைக்கிற பேனரை, அதிகாரிங்க எடுக்கலைன்னா தானே கிழிப்பார். இவர் போட்ட அவமதிப்பு வழக்கில்தான் 2018 டிசம்பரில் தமிழ்நாடு முழுக்க டிஜிட்டல் பேனருக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுச்சு. 2019 செப்டம்பர் 12, பல்லாவரம் – துரைப்பாக்கம் ரோடு. கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் சரிஞ்சு, ஸ்கூட்டரில் வந்த 23 வயசுப் பொண்ணு மேல விழுந்துச்சு. பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு. தடை வந்து ஒன்பது மாசம் ஆகியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் கட்சித் தலைமைகள் வரிசையா "பேனர் வைக்காதீங்க"ன்னு அறிக்கை விட்டாங்க.

ஆர்.கே.நகரில் அப்ப ஓட்டு இருந்தவங்க யாராவது இதைப் படிக்கிறீங்களா? அந்த 4,590இல் நீங்களும் ஒருத்தர்னா சொல்லுங்க. நேரில் பார்க்கும்போது டீ என் செலவு.