காலியிடம் உள்ள மெட்டு

வீரசோழன் சந்தைக்கு ஆடு ஏற்றி வரும் வண்டிகளிலும், நரிக்குடிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஓடும் பஸ்களிலும் பென்டிரைவ் வந்ததிலிருந்து ஒரு வகைப் பாட்டு பெருகிவிட்டது. பாடுவது எஸ்.பி.பி.தான், மெட்டு இளையராஜாதான். அடியில் மட்டும் யாரோ ஒரு பையன் கணினியில் கோத்த உறுமியும் பேஸும் இடிக்கும். 'டிஜே மிக்ஸ்' என்று பெயரிருக்கும், செய்தவன் பெயர் இருக்காது. இளவட்டங்களுக்கு ஆட அது போதும். நாற்பதைத் தாண்டியவர்கள் முகத்தைச் சுளித்து, "நல்ல பாட்டக் கொன்னு போட்டாய்ங்க" என்பார்கள்.

வீடியோ கேம் இசைக்கும் இதே கதி உண்டு. மாரியோ, ஃபைனல் ஃபேன்டசி, மெட்ராய்டு போன்ற விளையாட்டுகளின் மெட்டுகளை ரசிகர்கள் எடுத்து, கிடாரிலும் பியானோவிலும் ஜாஸிலும் உலோக ராக்கிலும் மாற்றி, இலவசமாகப் பரப்பி வருகிறார்கள். வேலை ஒன்றுதான். கேட்பவர்களின் தீர்ப்புதான் எதிரெதிர். இங்கே பெரும்பாலும் வரும் குறை, ஏன் மாற்றினாய் என்பது. அங்கே வரும் குறையோ, ஏன் இன்னும் மாற்றவில்லை என்பது.

மிகையாகச் சொல்லவில்லை. டேவிட் லாய்டு என்ற அமெரிக்கர் 1999இல் தொடங்கிய ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ் என்ற அமைப்பில், வரும் படைப்புகளை ஒரு நடுவர் குழு கேட்டு வாக்களிக்கிறது. மூல மெட்டு அடையாளமே தெரியாமல் போனால் தள்ளுபடி, அதில் வியப்பில்லை. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நல்ல கருவிகளால் அழகாக வாசித்து அனுப்பினாலும் தள்ளுபடி. சொந்தச் சரக்கு போதவில்லை என்பார்கள். நம் மெல்லிசைக் கச்சேரி மேடையில் 'அச்சு அசலா ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு' என்பதுதான் ஆகப் பெரிய பாராட்டு. அங்கே அது குற்றச்சாட்டு.

ரசனை உயர்வு தாழ்வு என்று இதை முடித்துவிடலாம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. காரணம் மூலப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

1985இல் கோஜி கோண்டோ சூப்பர் மாரியோவுக்கு இசை அமைத்தபோது அவர் கையில் இருந்த நிண்டெண்டோ கருவியில் ஒலி வழிகள் ஐந்தே. மெட்டுக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று, இரைச்சலைத் தாளமாக்க ஒன்று, சின்ன ஒலித்துண்டுகளுக்கு ஒன்று. விளையாட்டின் சத்தங்களும் அதே வழிகளில்தான் வரவேண்டும். மாரியோ குதித்தால் அந்த நொடிக்கு மெட்டில் ஒரு குரல் அறுந்துபோகும். கமோடோர் 64 கணினியின் சிட் சில்லில் இன்னும் மோசம், மூன்றே குரல். மூன்று சுரங்களை ஒருசேர ஒலித்துவிட்டால் மெட்டுக்கு இடமில்லை. அதனால் ராப் ஹப்பார்டு போன்ற இசையமைப்பாளர்கள் அந்த மூன்று சுரங்களையும் ஒரே குரலில் கண்ணிமைக்கும் வேகத்தில் மாற்றி மாற்றி ஓடவிட்டார்கள். காது ஏமாந்து அதைச் சேர்ந்திசையாகக் கேட்டது. பாதி வேலையைச் செய்தது இசையமைப்பாளர், மீதியைச் செய்தது விளையாடிய பையனின் கற்பனை. மணிக்கணக்கில் ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும். அவனும் அதில் வயலினும் மேளமும் தானே சேர்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு ஒருவன் ரீமிக்ஸ் செய்தால், எல்லாரும் மனத்துக்குள் கேட்டதில் ஒன்றை அவன் வெளியே எடுத்து வைக்கிறான். 1994இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 6இன் இசையை 2013இல் ரசிகர்கள் 74 பாடல்களாக விரித்தார்கள். மூலத்துக்கு இசையமைத்த நோபுவோ உவேமாட்சுவுக்குக் கிடைத்தவை எட்டே ஒலி வழிகள். அந்த எட்டுக்குள் மடங்கிக் கிடந்ததைப் பிரிக்க அத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பாட்டு அப்படிப் பாதியில் விடப்பட்டதில்லை. எண்பதுகளின் இளையராஜா பாட்டில் ஒவ்வொரு வயலின் வரிசைக்கும் தனி வேலை. பேஸ் கிடாருக்குக்கூடத் தனியாக ஒரு மெட்டு ஓடும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையைக்கூட ஊர்ப் பையன்கள் வாயால் வாசித்துக் காட்டுவார்கள். கட்டி முடித்துப் பால் காய்ச்சிய வீட்டில் புதுச் சுவர் எழுப்ப இடம் தேடுகிற கதைதான் ரீமிக்ஸ்காரருக்கு. தன் அடியை நுழைக்க எதையாவது அமுக்கவேண்டும், முதலில் அமுங்குவது அந்தப் பேஸ். கேட்பவருக்கு இன்னதென்று பெயர் சொல்லத் தெரியாது, ஏதோ ஒன்று காணவில்லை என்பது மட்டும் தெரிந்துவிடும்.

பெரிய கைகளும் இதில் மாட்டியிருக்கின்றன. 'சொர்க்கம்' (1970) படத்தில் எம்.எஸ்.வி. இசையில் டி.எம்.எஸ். பாடிய 'பொன்மகள் வந்தாள்' பாட்டை, 2007இல் 'அழகிய தமிழ்மக'னுக்காக ஏ.ஆர். ரகுமான் புதுப்பித்தார். அதே ஆண்டு 'பில்லா'வில் யுவன் சங்கர் ராஜா 1980இன் எம்.எஸ்.வி. பாட்டை எடுத்தார், அடுத்த ஆண்டு 'சிலம்பாட்ட'த்தில் தன் அப்பாவின் 'வச்சுக்கவா'வை. இவற்றில் பில்லா பாட்டுக்கு எதிர்ப்புக் குறைவு என்பது என் கணிப்பு. அந்த மெட்டு அலங்காரம் குறைந்தது. ஒரு பெயரைச் சொல்லி மிரட்டுவதுதான் அதன் வேலை. புதுச் சத்தம் ஏற அதில் இடம் இருந்தது. பொன்மகளுக்கோ டி.எம்.எஸ்ஸின் குரலே பாதிப் பாட்டு. வேறொருவர் பாடிய கணத்திலேயே பழைய ரசிகர் தராசைத் தூக்கிவிட்டார்.

இந்தக் குரல் விஷயம் சின்னதில்லை. மாரியோ மெட்டைப் பாடியவர் என்று யாருமில்லை. அதற்கு வரி இல்லை, வாயசைத்த நட்சத்திரம் இல்லை. புல்லாங்குழலில் வாசித்தாலும் யாருடைய இடத்தையும் யாரும் பறித்துக்கொண்டதாக ஆகாது. நம் பாட்டில் கவிஞர், பாடகர், நடிகர், முதலில் கேட்ட திரையரங்கு என்று பலர் பங்குக்கு நிற்கிறார்கள்.

உரிமைப் பேச்சு கேட்பவர் தீர்ப்பில் கலப்பதும் உண்டு, ஆனால் மேலோட்டமாக. கேப்காம் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் விளையாட்டின் புதிய பதிப்புக்கு ரசிகர்களையே அழைத்து இசை செய்யச் சொன்னது; ரசிகர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த பட்டமாகக் கொண்டாடினார்கள். இங்கே 2017இல் இளையராஜா தன் பாட்டுகளின் உரிமை கேட்டு எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் அனுப்பினார். 2025இல் 'குட் பேட் அக்லி' படத்துக்கும் அனுப்பினார். ராஜா பக்கம் நியாயம் உண்டா என்று டீக்கடையில் விவாதம் நடக்கும். விவாதம் செய்தவரே பஸ் ஏறினால் அதே பாட்டைத் தாளம் போட்டுக் கேட்பார்.

இந்த வட்டாரத்தில் ஓர் ஆச்சரியம் உண்டு. சினிமாப் பாட்டின் ரீமிக்ஸைக் கொலை என்று சொல்லும் அதே பெரியவர், முளைப்பாரித் திருவிழாவில் நையாண்டி மேளம் அதே பாட்டை வாசித்தால் சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்துக் கலைஞரின் சட்டையில் குத்துவார். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம். இதில் 'கரகாட்டக்காரன்' (1989) பாட்டு வந்தால் மூலத்தில் இருந்த வயலின் போச்சு, கிடார் போச்சு, வரிகள் போச்சு, குரலும் போச்சு. டிஜே பையன் செய்ததைவிடப் பத்து மடங்கு மாற்றம். நாகசுரக்காரர் சினிமாவின் நேர் சுரங்களை வளைத்து இழுத்து, சுருக்கமான சரணத்தை நீட்டி, இடையிசை வரவேண்டிய இடத்தில் பம்பைக்கு விட்டுக்கொடுப்பார். பம்பையும் தமுக்கும் மோதி முடிந்து மெட்டு திரும்ப வரும்போது கூட்டம் விசிலடிக்கும். யாரும் கொன்றுவிட்டதாகச் சொல்வதில்லை.

டிஜே மிக்ஸ் நிறைந்த பாட்டின் மேல் மேலும் ஏற்றுகிறது. மேளம் முதலில் வெறுமையாக்குகிறது. வரி போனதும் கேட்பவர் தனக்குள் வரியைப் பாடிக்கொள்கிறார்; டி.எம்.எஸ். இல்லாத இடத்தில் அவரே டி.எம்.எஸ். ஐந்து ஒலி வழிகளின் முன் உட்கார்ந்திருந்த பையனுக்குக் கிடைத்த அதே வேலை கரகாட்டப் பந்தலில் நிற்கும் இவருக்கும் கிடைக்கிறது. பொருத்தமான ஒப்பீடு இதுவென்றே நினைக்கிறேன்: கேம் ரீமிக்ஸுக்கு உறவு நையாண்டி மேளம்தான், டிஜே மிக்ஸ் இல்லை.

மேளத்துக்கும் தீர்ப்புக் கடுமை உண்டு, அதையும் சொல்லவேண்டும். மெட்டு உடனே பிடிபடவேண்டும், முதல் வரியிலேயே இன்ன பாட்டு என்று தெரியாவிட்டால், "என்னண்ணே வாசிக்கிறீக?" என்று முன்வரிசையிலிருந்து குரல் வரும். ஓவர்கிளாக்ட் நடுவர்கள் அடையாளம் தெரியவில்லை என்று தள்ளுவதும் இதே சட்டம்தான். ஆக, தெரிந்த மெட்டு தெரிந்தபடி நுழையட்டும், நுழைந்தபின் இஷ்டம்போல் போகட்டும் என்பதில் இரண்டு கூட்டமும் ஒன்றுபடுகிறது. கேம் ரீமிக்ஸ் உலகிலும் பொறுமை கெடும் இடம் ஒன்று உண்டு. 1992இல் டெட்ரிஸ் மெட்டை நடன இசையாக்கி 'டாக்டர் ஸ்பின்' என்ற பெயரில் ஆண்ட்ரூ லாய்டு வெப்பரும் நைஜல் ரைட்டும் வெளியிட்டார்கள். பிரிட்டனில் ஆறாம் இடம்வரை விற்றது. அது ஏற்கெனவே ஒரு ரஷ்ய நாட்டார் பாட்டிலிருந்து வந்த மெட்டு. மெட்டுக்கு அடியில் ஒரே இடியைப் போட்டு நிரப்பும் அந்தப் பாணிக்கும் நம் பென்டிரைவ் மிக்ஸுக்கும் உள்ள ஒற்றுமை கேட்டவுடன் தெரியும். ரசிகர் செய்ததா, சந்தைக்குச் செய்ததா என்பது காதுக்கு இரண்டாம் பட்சம்.

இன்று கேம் இசையே மாறிவிட்டது. வீரசோழன் பையன்கள் கைபேசியில் ஆடிய பப்ஜியின் முகப்பு இசை முழு ஆர்கெஸ்ட்ராவோடு வருவது. 1997இன் ஃபைனல் ஃபேன்டசி 7இன் முதல் பகுதியை 2020இல் நிறுவனமே பெரும் இசைக்குழுவோடு திரும்பச் செய்து வெளியிட்டுவிட்டது. ரசிகன் தன் பங்குக்குச் சேர்க்க அங்கே இனி அதிகம் மிச்சமில்லை. பப்ஜி மெட்டை எடுத்து உறுமி ஏற்றப் பார்க்கும் பையன், ராஜா பாட்டில் மாட்டிய அதே இடத்தில் மாட்டுவான். நையாண்டி மேளக்காரரிடம் கொடுத்தால் அவர் முதலில் எதையெல்லாம் தூக்கி எறியலாம் என்றுதான் பார்ப்பார்.