நரியும் துவக்கும்: யாழ்ப்பாணக் குடாநாட்டு வேட்டை வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

ஈழத்து வேட்டை பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை துவக்கு வைத்திருந்தோரால் எழுதப்பட்டவை. எந்த விலங்குக்கு எத்துணை அகலமுடைய குழல் பொருந்தும் என்பது அந்நூல்களில் ஓயாது விவாதிக்கப்படும். அது வெறும் தொழினுட்ப வினாவாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஆயின் குடாநாட்டு நரியை முன்னிறுத்தி நோக்குமிடத்து, குழலின் அகலத்தைத் தீர்மானித்தது விலங்கின் உடலளவு மட்டுமன்று என்பது புலனாகும். துவக்கை ஏந்தும் உரிமை எவர்க்கு இருந்தது என்பதே முதன்மையான வினாவாகும்.

சாமுவேல் பேக்கர் இலங்கை வேட்டை அநுபவங்களை நூலாக்கிப் புகழ்பெற்றவர். 1840இல் பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளரைக்கொண்டு அவர் செய்வித்த றைபிளின் எடை 21 இறாத்தல். அதன் குண்டு 3 அவுன்சு. ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ எடையுள்ள அத்துவக்கும் நன்கு வளர்ந்த நரியொன்றும் தராசில் ஏறக்குறைய சமமாக நிற்கும்! அவர் காலத்திற்குச் சற்று முந்திய மேஜர் றொஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரென்று கூறப்படுபவர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். யானைக்கொலை ஓரிரு கனவான்களின் பித்து மட்டுமன்று, அரசாங்கக் கொள்கையுமாகும். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகள் கொல்லப்பட்டன என்றும், யானையொன்றுக்குச் சில சிலிங் வெகுமதி வழங்கப்பட்டது என்றும் எமேர்சன் தெனென்ற் பதிவுசெய்துள்ளார். அப்போது வடமாகாண அரசாங்க அதிபராக இருந்தவர், 1829 முதல் 1867 வரை அப்பதவியை வகித்த டைக்.

நரியோ துரைமாரின் வேட்டைப் பெருமைக்கு உதவாதது. அதன் தலையைச் சுவரில் மாட்டுவாரில்லை. கோழி, ஆட்டுக்குட்டி, வத்தகைப்பழம் ஆகியவற்றை இழந்த குடியானவனுக்கே அது பகை. அவனுக்குப் பொருத்தமான கருவி யாது? 12ஆம் இலக்கத் துவக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுளொன்று நுழையுமளவே அதன் குழல், அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், இலக்கம் குறையக் குழல் பெருக்கும். அதிலிருந்து சிதறும் ஈயச் சன்னங்கள் நாற்பது யார் அளவிற்கப்பால் விரைவில் வலுவிழக்கும். றைபிளின் தன்மை வேறு. 5.6 மில்லிமீற்றர் குழலுடைய சிறிய ·22 றைபிளின் குண்டுகூட ஒரு மைலுக்கப்பாலும் ஆபத்து விளைவிக்கவல்லது. குன்றென்று ஒன்றேனும் இல்லாத, வேலிக்கு வேலி வீடு நெருங்கிய குடாநாட்டில் தவறிய குண்டைத் தாங்க மண்மேடும் இராது. எனவே நரிக்குச் சொற்கன் போதும். மேற்கு அமெரிக்கப் புல்வெளிகளிற் கொயோட்டியை நெடுந்தொலைவிலிருந்து சுடுவோரின் அளவைகள் இங்கு செல்லா.

ஆனால் அச்சொற்கன்னும் எல்லார்க்கும் எட்டியதன்று. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை இராணுவச் சட்டங்கொண்டு அடக்கிய மறு ஆண்டில், 1916இன் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. துவக்குக்கு அநுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரம் பெற அதிகாரியின் நல்லெண்ணம் வேண்டும். அந்நல்லெண்ணமோ நிலமும் செல்வாக்கும் உள்ள இடத்திலேயே இலகுவில் முளைப்பது. இங்கிலாந்தின் 1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் ஆண்டுக்கு நூறு பவுண் வருமானந்தரும் நிலமுடையோர்க்கு வேட்டையுரிமையை வரையறுத்தது. 1842இல் இளைய மார்க்ஸ், காட்டில் விழுந்த சுள்ளி பொறுக்குவதைத் திருட்டாக்கிய றைன்லாந்துச் சட்டத்தை எதிர்த்து எழுதினார். ஈழத்து நிகழ்வும் இவ்வரிசையில் வைத்து நோக்கற்பாலது. ஆட்சியாளரின் அச்சத்தை இலக்கியமும் காட்டுகிறது. யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கிப் பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்வ் 1913இல் வெளியிட்ட நாவலில், வேடனான சிலிந்து தன் துவக்கால் ஈற்றிற் சுடுவது விலங்கையன்று. ஊர்த் தலைமைக்காரனையும் வட்டிக்காரனையுமே. 1971 ஏப்பிரற் கிளர்ச்சியில் இளைஞர் கைகளில் இருந்தவற்றுட் பெரும்பாலானவை சொற்கன்களும் கையாற் செய்த குண்டுகளுமே என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பத்திரம் கிடையாதோர் வேறு வழி தேடினர். குழல்வாயால் மருந்தும் ஈயமும் இட்டு இடித்திறுக்கும் இடியன் துவக்கு ஒன்று. விலங்கு வரும் தடத்தில் நூலிட்டுப் பூட்டிவைக்கும் கட்டுத்துவக்கு மற்றொன்று. இவற்றின் குழல் கிடைத்த இரும்புக் குழாயின் அகலமேயன்றி எந்த நூல் விதித்த அகலமுமன்று.

இவ்விடத்தே தெனென்ற் தரும் இன்னொரு செய்தியைக் கூறாதிருக்க இயலவில்லை. சில நரிகளின் மண்டையில் முளைக்கும் சிறு கொம்புபோன்ற முனைப்பை, நரிக்கொம்பு என்று தமிழரும் சிங்களவரும் போற்றினர். உடையவனுக்கு எண்ணியது கைகூடும் என்பது நம்பிக்கை. பலமுறை தோற்ற வழக்காளி ஒருவன், இறுதி விசாரணைக்கு முன் நரிக்கொம்பொன்றைப் பெற்றுத் தன் நண்பர்க்குக் காட்டினானாம். எதிர்த்தரப்புச் சாட்சிகள், இனி இவனுக்கெதிராகத் தீர்ப்பு வராதென்று அஞ்சி வாக்குமூலத்தை மாற்றினர், அவன் வென்றான். தெனென்ற் இதனை நகைச்சுவையாகவே எழுதுகிறார். நாம் அவ்வாறு கொள்ளற்கில்லை. அந்நிய நீதிமன்றின் முன் நின்ற அம்மனிதர்க்குத் தீர்ப்பின் காரணம் சட்டநூலைவிட நரியின் மண்டையோட்டில் இருப்பது நம்பத்தக்கதாகவே தோன்றியிருக்கும்.

1937இன் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பின்னர், 1938இல் சுண்டிக்குளம் சரணாலயமாயிற்று. 2009இற் போர் முடிந்தபின் மீளக் குடியேறிய வன்னிக் காடுகளிற் கட்டுத்துவக்கு மறையவில்லை. பன்றிக்கோ மரைக்கோ வைத்த அதன் நூலை இடறுவோர், பெரும்பாலும் விறகுக்கும் தேனுக்கும் சென்ற கூலியாட்களே. நூலின் உயரம் விலங்கின் மார்புக்கு அளந்து கட்டப்படுவது. மனிதருக்கு அது முழங்காலிலோ தொடையிலோ பாயும்.