அமெரிக்கக் குடும்பக் காடுகளும் ஊக்கத் திட்டங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காட்டுப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானது தனிமனிதர்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தம். சில ஏக்கர் முதல் ஆயிரக்கணக்கான ஏக்கர் வரை, ஏறத்தாழ ஒரு கோடிக் கைகளில் அது சிதறிக் கிடக்கிறது. வெட்டினாலும் மீண்டும் தழைக்கும்படி அந்தக் காடு பேணப்பட வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகள் மானியம், வரிச்சலுகை, வனவியலாளரின் ஆலோசனை எனப் பல வழிகளை முயன்றுள்ளன.

1956இல் வந்த ‘மண் வங்கி’த் திட்டம் வேளாண் விளைச்சல் மிகுந்து விலை விழுந்த காலத்தில் பிறந்தது. பயிர் நிலத்தில் மரம் நட இசைந்த உழவருக்கு அரசு ஆண்டுதோறும் பணம் கொடுத்தது. தென் மாநிலங்களில் சுமார் 20 லட்சம் ஏக்கரில் பைன் காடு அப்படி எழுந்தது. 1973இல் தொடங்கிய வன ஊக்கத் திட்டம் நடவுச் செலவில் பெரும்பங்கை ஏற்றது. 1990ஆம் ஆண்டு வேளாண் சட்டம் வனவிலங்கையும் நீரையும் கணக்கில் சேர்த்தது. 2002இல் 10 கோடி டாலர் ஒதுக்கீட்டோடு இன்னொரு திட்டம் வந்தது. ஆனால் அதன் நிதியில் ஒரு பகுதி காட்டுத்தீ அணைக்கத் திருப்பப்பட்டு, திட்டம் நிறைவேறாமலே ஓய்ந்தது. ஒரு மரம் முற்றுவதற்குள் நாலைந்து திட்டங்கள் வந்து போனால் உரிமையாளர் எதை நம்பி நடுவார்?

வரிச்சலுகைகளுக்கு ஆயுள் அதிகம். மரத்தில் வருமானம் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான். சொத்து வரியோ ஆண்டுதோறும் வரும், அதுவும் வீட்டுமனை விலைக்கு. தாங்க முடியாதவர் நிலத்தை விற்றுவிடுவார். இதைத் தடுக்க வெர்மான்ட் மாநிலம் 1978இல் சட்டம் இயற்றியது. குறைந்தது 25 ஏக்கர் வைத்திருந்து, மேலாண்மைத் திட்டத்தின்படி நடந்துகொண்டால், நிலம் காடாகவே மதிப்பிடப்படும். மனை போட்டால் தனி வரி கட்ட வேண்டும். நியூயார்க்கில் இதே நோக்கமுள்ள 1974ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது: ஒவ்வோர் ஆண்டும் சலுகை பெறும்போது அடுத்த பத்தாண்டுக்கு உறுதி தர வேண்டும்.

இத்தனை இருந்தும் பெரும்பாலான உரிமையாளர்களிடம் எழுதிய மேலாண்மைத் திட்டம் இல்லை. ஏன் காடு வைத்திருக்கிறீர்கள் என்று அமெரிக்க வனத்துறை கேட்ட கணக்கெடுப்புகளில், அழகு, வனவிலங்கு, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது ஆகியவையே முன்னால் நிற்கின்றன. மர வருமானம் வெகு பின்னால்தான் வருகிறது. மர விலையை மட்டும் எண்ணித் தீட்டிய மானியம் இவர்களை எப்படி ஈர்க்கும்? வனவியலாளர் ஒருவர் உரிமையாளரோடு காட்டுக்குள் நடந்து, எதை வெட்டலாம், எதை விடலாம் என்று மரத்தைக் காட்டிச் சொல்வதே பணத்தைவிட வலுவாக வேலை செய்கிறது என்கின்றன ஆய்வுகள். அந்த யோசனை கிடைக்காத இடத்தில் மர வியாபாரி நல்ல மரங்களை எடுத்துக்கொண்டு, கோணலும் நோயும் உள்ளவற்றை விட்டுப் போவதுண்டு.

மனத்தை வருத்துவது தென் மாநிலக் கறுப்பினக் குடும்பங்களின் நிலை. உயில் எழுதாமல் தலைமுறைகள் கைமாறிய நிலத்தில் பேரன் பேத்திகள் எல்லாருக்கும் பங்கு. தெளிவான உரிமைப் பத்திரம் யாரிடமும் இல்லை. பத்திரம் இல்லாததால் மானியமும் எட்டவில்லை. பங்காளி ஒருவர் வழக்குப் போட்டால் நிலம் முழுவதும் ஏலத்துக்குப் போகக்கூடும். 2010இல் உருவான மாதிரிச் சட்டம் மற்ற வாரிசுகளுக்கு, வழக்குப் போட்டவரின் பங்கை வாங்கும் வாய்ப்பை முதலில் தருகிறது. ஜார்ஜியா, அலபாமா, தென் கரோலினா ஆகியவை அதை ஏற்றுள்ளன. 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டத்துக்குப் பின், பத்திரம் இல்லாத வாரிசுகளும் மாற்று ஆவணங்களைக் காட்டி அரசுத் திட்டங்களில் சேர வழி பிறந்தது.