மூன்று வாரத்தில் ஒரு டீம்: நந்தனத்திலிருந்து ஒரு கால்பந்துக் கதை

புத்தகக் கண்காட்சிக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் போயிருப்பீங்க. டிக்கெட் வாங்கி, புழுதியை மிதிச்சு, ஸ்டால் ஸ்டாலா சுத்தி, கடைசியில டெல்லி அப்பளத்தோட வெளிய வந்திருப்பீங்க. அந்த மைதானம் யாருடையது? அதற்குப் பின்னால் ஒரு கல்லூரி இருக்கிறது. ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1920-ல் தொடங்கியது. ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி என்று சொல்வார்கள்.

இன்றைக்குப் பேசப்போவது, ஒரு பல்கலைக்கழக ஆண்கள் கால்பந்து அணி புது சீசனுக்கு எப்படித் தயாராகிறது என்பதைப் பற்றி. இதில் என்ன வரலாறு இருக்கு என்று கேட்கலாம். நிறைய இருக்கு. "விளையாட்டுக்கு முன்னால் தயாராக வேண்டும், தயார் செய்ய ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும்" என்ற யோசனை இந்தியாவுக்கு வந்து இறங்கிய இடங்களில் முக்கியமான ஒன்று நம் அடையாற்றங்கரை. அதே ஊரில், நூறு வருஷம் கழித்து, நான் படித்த இன்ஜினியரிங் காலேஜில் டீம் தயாரான விதத்தைக் கேட்டால் சிரிப்பீங்க.

நான் அந்த டீமில் இரண்டாவது கோல்கீப்பர். அதாவது பெஞ்ச். பெஞ்சில் இருப்பவனுக்கு ஒரு வசதி, எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கலாம். ஜூலையில் காலேஜ் திறக்கும். ஆகஸ்ட் கடைசி வரை ஒன்றும் நடக்காது. திடீரென்று ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் செலக்‌ஷன் என்று ஒட்டுவார்கள். இரண்டு மாசம் செமஸ்டர் லீவில் தூங்கிவிட்டு வந்த பசங்களை 12 நிமிஷம் ஓடவிடுவார்கள். அதற்குப் பெயர் கூப்பர் டெஸ்ட். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்ட அளவுகோல் அது. ராணுவ வீரர்களின் உடல்திறனை அளக்க உருவாக்கினார். அளப்பதற்கான கருவி அது. எங்க ஊரில் அதையே பயிற்சியாக ஆக்கிவிட்டோம். டெஸ்ட் முடிந்ததும் பாதிப் பேர் வாந்தி. மிச்சம் இருக்கிறவன் டீம்.

அப்புறம் மூன்று வாரம் கேம்ப். காலை ஐந்தரைக்கு பெசன்ட் நகர் பீச்சில் மணலில் ஓட்டம், சாயங்காலம் மேட்ச். இரண்டாவது வாரத்தில் தொடைப் பின்தசை பிடித்து மூன்று பேர் உட்காருவான். ஜெர்ஸி வருவது போட்டிக்கு முந்தின நாள். முதல் ரவுண்டில் தோற்றுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து ரெஃப்ரியைத் திட்டுவோம். அடுத்த வருஷம் சீனியர்கள் போய்விடுவார்கள். யாரும் எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. நம்ம பாஷையில் சொன்னால், வருஷா வருஷம் ரெப்போவை டெலீட் செய்துவிட்டு முதல் வரியிலிருந்து கோடு எழுதுகிற மாதிரி.

சரி, பின்னால் போவோம்.

கால்பந்தை ஒழுங்குபடுத்தியதில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1848-ல் கேம்பிரிட்ஜ். வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்த பசங்க, ஒவ்வொருத்தனும் தன் பள்ளி விதிப்படி ஆடினான். ஒருத்தன் பந்தைக் கையில் பிடிக்கலாம் என்பான், இன்னொருத்தன் கூடவே கூடாது என்பான். கடைசியில் உட்கார்ந்து பேசிப் பொதுவான விதிகளை எழுதினார்கள். பதினைந்து வருஷம் கழித்து, 1863-ல் லண்டனில் கால்பந்து சங்கம் தன் விதிகளை எழுதும்போது கேம்பிரிட்ஜ் விதிகளும் மேஜையில் இருந்தன. இரண்டு கம்ப்யூட்டர் பேச புரோட்டோகால் வேண்டும் என்பது போலத்தான். ஆனால் விதி இருந்தால் ஆட்டம் வரும், அவ்வளவுதான். அணி வராது.

அணி எப்படி வரும் என்று யோசித்த ஆள் ஹாரி க்ரோ பக். அமெரிக்கர். மசாசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் படித்தவர். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தாரே, அதே இடம்தான். ஒய்.எம்.சி.ஏ. தன் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கிய பட்டறை அது. பக் 1919-ல் மதராஸ் வந்தார். அடுத்த வருஷமே பள்ளி தொடங்கிவிட்டார். சின்னதாக ஆரம்பித்து, பின்னால் சைதாப்பேட்டைக்கும் நந்தனத்துக்கும் நடுவில் ஆற்றங்கரையில் பெரிய இடத்துக்கு வந்தது.

அவருடைய யோசனையின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது. அவர் வீரர்களை உருவாக்க வரவில்லை. வீரர்களை உருவாக்குகிறவர்களை உருவாக்க வந்தார். உடற்கல்வி ஆசிரியர் என்ற வேலைக்குப் படிப்பு வேண்டும், உடலியல் தெரிய வேண்டும், விதிகள் தெரிய வேண்டும், வகுப்பு நடத்தத் தெரிய வேண்டும். விதிகளுக்கென்று ஒரு கையேடும் போட்டார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசிலோடு நிற்கும் நம்ம 'பி.டி. சார்' இருக்காரே, அந்த ஆளின் வம்சாவளியைத் தேடிப் போனால் பெரும்பாலும் நந்தனத்தில் போய் நிற்கும்.

பக் அத்தோடு நிற்கவில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன சின்ன இந்தியக் குழுவைத் தயார் செய்து கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். பிறகு டோராப்ஜி டாடா, ஒய்.எம்.சி.ஏ.வின் நோரன் ஆகியோரோடு சேர்ந்து 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதிலும் அவர் கை உண்டு. 1943-ல் இறந்தார். மயிலாப்பூரில் சாலைப் பெயர்களைப் பற்றிச் சண்டை போடுகிற நாம் இந்த மனுஷனைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இப்போது கால்பந்து. சுதந்திர இந்தியா முதலில் ஆடிய ஒலிம்பிக் கால்பந்து 1948 லண்டன். பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றோம். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டோம். நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். கேப்டன் தலிமரென் ஆவோ, கல்கத்தாவில் மருத்துவம் படித்தவர். அன்றைக்குப் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள் என்பதை நாம் இன்னமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நான்கு வருஷம் கழித்து ஹெல்சின்கியில் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10. அதற்கு அப்புறம்தான் பூட் கட்டாயம் ஆனது. வெறுங்கால் திறமை நிஜம்தான். ஆனால் ஐரோப்பியக் குளிரில், ஈரப் புல்லில் ஆடப்போகிறோம் என்று தெரிந்தும் அதற்குத் தயாராகவில்லை. அதுக்கு என்ன பெருமை?

இங்கே சொல்ல வேண்டியவர் சையத் அப்துல் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி, பள்ளி ஆசிரியர், பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கிப் பள்ளி விளையாட்டுகளைக் கவனித்தவர். பக் கற்பனை செய்த அந்த 'பயிற்சி பெற்ற ஆசிரியர்' நிஜத்தில் எப்படி இருப்பார் என்று கேட்டால், நான் ரஹீமைக் காட்டுவேன். 1956 மெல்போர்னில் நான்காவது இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், இறுதிப் போட்டியில் தென்கொரியாவுக்கு எதிராக 2-1. கோலில் நம்ம பீட்டர் தங்கராஜ். கேப்டன் சுனி கோஸ்வாமி, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கால்பந்து, கிரிக்கெட் இரண்டு அணிகளுக்குமே கேப்டனாக இருந்தவர். அதே ரஹீம் அடுத்த வருஷமே புற்றுநோயில் போய்விட்டார். அவருக்குப் பின்னால் அந்த உயரத்தை இந்தியக் கால்பந்து தொடவே இல்லை. ஒரே மனுஷன் தலையில் மொத்த அறிவும் இருந்தால் இதுதான் நடக்கும்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியக் கால்பந்துப் போட்டி 1941-லிருந்து நடக்கிறது. கோப்பை அசுதோஷ் முகர்ஜி பெயரில். நமக்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. கோழிக்கோடு பல்கலைக்கழகம் தொடங்கியது 1968. 1971-ல் அந்தக் கோப்பையை வாங்கிவிட்டார்கள். மூன்றே வருஷம்! அந்த அணியில் இருந்த விக்டர் மஞ்ஞிலா என்ற கோல்கீப்பர், 1973-ல் கேரளா முதன்முதலாக சந்தோஷ் டிராபி ஜெயித்தபோதும் அணியில் இருந்தார். இறுதிப் போட்டியில் ரயில்வேயை 3-2 என்று வென்றார்கள், மூன்று கோலும் கேப்டன் மணி. பயிற்சியாளர் யார் தெரியுமா? சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்தவர்.

எனக்குக் கப்பை விட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. மஞ்ஞிலா அதே கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்கே பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். ஆடியவன் திரும்பி வந்து சொல்லிக்கொடுக்கிறான். போன சீசனில் என்ன செய்தோம், ஏன் தோற்றோம் என்பது யாரோ ஒருத்தர் தலையில் பத்திரமாக இருக்கிறது. எங்க காலேஜில் ஆடியவன் திரும்பி வருவது கான்வொகேஷனுக்கு மட்டும்.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அங்கே கல்லூரி ஆண்கள் கால்பந்து இலையுதிர்காலத்தில். ஆகஸ்டில் கூடுவார்கள், அதே மாசக் கடைசியில் போட்டிகள் தொடங்கும், டிசம்பரில் முடிந்துவிடும். நான்கு மாசத்துக்குள் இத்தனை மேட்சைத் திணித்தால் உடம்பு தாங்காது, சீசனை இரண்டு செமஸ்டருக்கும் பிரித்துக் கொடுங்கள் என்று மேரிலாண்ட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் சாஷோ சிரோவ்ஸ்கி பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பணம் கொட்டும் இடத்திலேயே காலண்டர்தான் பிரச்சனை. ஆனால் அவர்களுக்கு வசந்தகாலத்திலும் பயிற்சி உண்டு. முழு இருட்டு கிடையாது.

நம் காலண்டர் இன்னும் மோசம். பல்கலைக்கழக அணிகளின் தென்மண்டலப் போட்டிகள் வரும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் முட்டிக்கொள்ளும். அக்டோபரில் கேம்ப் போட்டால் பாதி நாள் மைதானம் குளம். மண்டலத்தில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் அகில இந்தியச் சுற்று. ஒரு மோசமான மதியம் போதும், மொத்த வருஷமும் முடிந்தது. வயது வரம்பு 17 முதல் 25 வரை. நான்கு வருஷ டிகிரி படிக்கும் பையனுக்கு நான்கு வாய்ப்பு. ஒரு காயம் வந்தால் மூன்று. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடங்கள் வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். சீட் கிடைக்கிறது. உள்ளே வந்த பிறகு அந்தப் பையனின் முழங்காலுக்கு யார் பொறுப்பு?

இதற்குப் பணம் இல்லை, வசதி இல்லை என்பார்கள். எனக்கு அது பாதி உண்மை. 2012 சீசனில் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் அணிகள் 61-ஐ எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதி அணிகள் வழக்கமான வார்ம்-அப். இன்னொரு பகுதி 'ஃபிஃபா 11 பிளஸ்' என்ற வார்ம்-அப். 2015-ல் முடிவு வெளியானது. 11 பிளஸ் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய 46 சதவீதம் குறைவு. அந்த வார்ம்-அப்புக்கு ஆகும் நேரம் 20 நிமிஷம். முதலில் எட்டு நிமிஷம் மெதுவான ஓட்டம், நடுவில் பத்து நிமிஷம் வலிமைக்கும் சமநிலைக்கும் ஆறு பயிற்சிகள், கடைசி இரண்டு நிமிஷம் வேகமான ஓட்டம். தேவை பந்தும் சில கூம்புகளும். ஜிம் வேண்டாம், ஆப் வேண்டாம்.

அந்த ஆறில் ஒன்று, முட்டிபோட்டு நின்று, பின்னால் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முதுகை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய்வது. நார்டிக் பயிற்சி என்பார்கள். தொடைப் பின்தசைக்கானது. எங்க கேம்பில் இரண்டாவது வாரம் மூன்று பேர் உட்கார்ந்தார்களே, அதே தசை. அதில் ஒருத்தன் எங்க ரைட் விங்கர். வட சென்னையிலிருந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவன், எங்க டீமிலேயே நிஜமான ஆட்டக்காரன். சரியாக ஆறுவதற்குள் மறுபடி ஆடவிட்டார்கள், மறுபடி பிடித்தது. மூன்றாம் வருஷமும் அதே. நான்காம் வருஷம் அவன் செலக்‌ஷனுக்கே வரவில்லை, பிளேஸ்மென்ட் கிளாஸ் போய்விட்டான்.

இந்த எபிசோடுக்காக அவனுக்கு போன் செய்தேன். இப்போ ஓ.எம்.ஆரில் டெஸ்டிங் வேலை. சனிக்கிழமை ராத்திரி டர்ஃபில் ஐந்துக்கு ஐந்து ஆடுகிறான். நார்டிக் பற்றிச் சொன்னேன், வீடியோ அனுப்பினேன். பார்த்துவிட்டு, "மச்சான், இதுக்கு ஒருத்தன் காலைப் பிடிச்சா போதுமா?" என்றான். போதும்டா என்றேன்.